மைனி, சனிக்கிழமை நான் அதைச் சொல்ல மாட்டேன்

மைனி,

அண்ணனின் நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்கள் அவன் எப்படிச் செத்தான் என்று கேட்டால் ‘ஹார்ட் அட்டாக்’ என்றே சொல்லச் சொன்னீர்கள். போன வருடம் சொன்னேன். இந்த வருடம் என்னால் முடியாது, மன்னித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியின் பெயரையும் மருந்தின் பெயரையும் இங்கே எழுத மாட்டேன். பிள்ளைகள் இதே ஊரில்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும், தெரியும்.

சித்திரை வெயிலில் அண்ணன் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன். கழுத்தெல்லாம் வியர்வை. “கையைச் சுருட்டிவிட்டுச் சுற்றேன் அண்ணா” என்றேன். “கை கறுத்துப்போகும் மக்ளே” என்று சிரித்தான். கறுப்பைப் பற்றி என்றைக்கு அவன் கவலைப்பட்டான்? நானும் நர்ஸ்தான். அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டைகளைத் துவைத்தது நீங்கள். உங்கள் கண்ணில் ஒன்றுமே படவில்லையா?

சரி, விடுங்கள். நைட் டியூட்டி முடிந்து வரும்போது எனக்கென்று மரச்சீனியும் சாளைக்கறியும் மூடிவைத்ததும் நீங்கள்தான்.

வேண்டுமென்றே போனானா, கைமீறிப் போயிற்றா என்று கேட்டு அழுகிறீர்கள். போதை மருந்தை நிறுத்திச் சில மாதம் ஆனவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது மைனி, மூச்சு நின்றுவிடும். அவன் மனதில் என்ன இருந்தது என்பதை டாக்டராலும் சொல்ல முடியாது. போலீஸ் வரும், லைசென்ஸ் போகும் என்று பயந்தே ஒளித்தான். 1985 போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தானாகவே அரசு அங்கீகரித்த மையத்துக்குப் போய்ச் சிகிச்சையை முடித்தால், பயன்படுத்தியதற்காக வழக்கு நடத்த மாட்டார்கள். தற்கொலைக்கு முயன்றவர்களையும் 2017 மனநலச் சட்டம் தண்டிக்க விடுவதில்லை. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் வேலைபார்த்த இடத்தில் மருந்து அலமாரிக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்கள். அவனோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் நர்சிங் மாணவிகளிடம் பேச ஒத்துக்கொண்டேன். பெயர் சொல்ல மாட்டேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, கரும்பலகையில் எழுதிப் போடுவேன். காசில்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நீங்களும் ஒருமுறை கூப்பிடுங்கள்.

சனிக்கிழமை வருவேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், அடுக்களையில் நின்று வேலை பார்த்துவிட்டுப் போகிறேன். நீங்கள் ஹார்ட் அட்டாக் என்று சொன்னால் குறுக்கே பேச மாட்டேன். என்னிடம் கேட்டால் மட்டும், மருந்து என்று சொல்வேன்.