விளையில் நிற்கிற ஆவாரையைத் தள்ளச் சொல்லாதே

அன்புள்ள ராசாவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது, "அப்புறம் கூப்பிடுகிறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து டைப் செய்து அனுப்புகிறேன், நேரம் கிடைக்கும்போது முழுசாகப் படி. பொத்தையடி விளையில் சும்மா கிடக்கிற நம்ம நிலத்தை ஜேசிபி வைத்துத் தள்ளிச் சுத்தமாக்கி, போர் போட்டு, தென்னை வைக்கலாம் என்று சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான். அப்பா உன்னிடம் சரி என்று சொல்லிவிட்டார்கள். நான் சரி சொல்லவில்லை.

சீமைக்கருவேலைத் தள்ளுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. ஓடை ஓரம் முழுக்க அதுதான் அடைத்துக் கிடக்கிறது, வேரோடு பிடுங்கினால்தான் போகும், மேலாக வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து மறுபடியும் தளிர்த்துவிடும். ஆனால் பொத்தைக் குன்றின் சரிவிலும் வடக்கு வரப்பிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதையும் சேர்த்து நீ "புதர்" என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அது ஆவாரை, ராசா. உனக்கு ரிப்போர்ட்டில் சர்க்கரை கூடியிருக்கிறது, அதற்கு ஆன்லைனில் ஆவாரம்பூப் பொடி வாங்கிக் குடிக்கிறாய் என்று போன வாரம்தான் மருமகள் சொன்னாள். அங்கே நீ காசு கொடுத்து வாங்குகிற பூ, இங்கே நீ தள்ளச் சொல்லுகிற செடியில்தான் பூக்கிறது. டப்பாவில் பொடியாகவே பார்ப்பதால் உனக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது.

தென்னை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழை என்பதெல்லாம் பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும்தான். மலையைத் தாண்டி இறங்கி நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் வரும்போது அது வெறும் காற்றாகத்தான் வருகிறது, அந்தக் காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலை நிற்கிறது. நமக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அது தவறினால் அடுத்த ஐப்பசி வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பக்கத்து விளையில் போர் போட்டார்கள், கீழே போகப் போக உப்புத் தண்ணீர், அதை ஊற்றி வளர்த்த தென்னம்பிள்ளைகள் மட்டை கருகி நிற்கின்றன. தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற இடத்தில் வளர்கிற மரத்தை இந்தச் சரள் மண்ணில் கொண்டுவந்து வைத்தால் அதற்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்.

ஆவாரைக்கு இந்த மண்தான் வேண்டும். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கிவிடும், இலை சின்னச் சின்னதாக இருப்பதால் வெயிலில் தண்ணீரை அதிகம் விடாது, சித்திரையில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் இது பச்சையாக நின்று பூத்துக்கொண்டிருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்தச் சமயம் நம்ம விளையிலும் ஓடை கரையை உடைத்துக்கொண்டு போனது. ஆவாரை நின்ற வடக்கு வரப்பு அப்படியே நின்றது, மொட்டையாகக் கிடந்த தெற்கு வரப்பு கரைந்து ஓடிவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கின இடத்தில் இருந்த செடிகள் மட்டும் பட்டுப்போயின. வெயிலைத் தாங்குகிற செடி, தேங்கின தண்ணீரைத் தாங்காது. இதை நினைவில் வைத்துக்கொள், நடுகிற இடம் தேர்ந்தெடுக்கும்போது வேண்டியிருக்கும்.

உன் ஆச்சி காலத்தில் இதை யாரும் மருந்துச் செடி என்று தனியாக எடுத்து வைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் அதுதான். நாற்று நடுவதற்கு முன்னால் ஆவாரையும் கொழுஞ்சியும் கட்டுக்கட்டாக வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் வயலில் குழை மிதிப்பார்கள். கொழுஞ்சி வேரில் முடிச்சு வைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், ஆவாரை அதே அவரைக் குடும்பம்தான் என்றாலும் அதற்கு அந்த முடிச்சு கிடையாது, இலை மக்கித்தான் உரமாகும். (இத்தனை வருஷம் தாவரவியல் நடத்திய பழக்கம், விட மாட்டேன் என்கிறது.) பட்டையில் துவர்ப்பு அதிகம், அதனால் தோல் பதனிடுவதற்கு மூட்டை மூட்டையாகப் போகும், வெளிநாட்டிலிருந்து வாட்டில் என்கிற மரத்தின் பட்டை வந்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. வெயிலில் வெகுதூரம் நடக்கிறவர்கள் ஒரு கொத்து இலையைப் பறித்துத் தலையில் வைத்துத் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். ஆச்சி குளிப்பதற்குப் பாசிப்பயறோடு காய்ந்த பூவையும் போட்டுத்தான் திரித்து வைப்பார்கள். நீ சின்னப் பிள்ளையில் அந்தப் பொடி தேய்த்துத்தான் வளர்ந்தாய்.

சரி, தள்ளாதே என்று மட்டும் சொன்னால் பத்தாது. விளை சும்மா கிடக்கிறது, அதில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம்தான். நான் சொல்வது, ஓடை ஓரம் கருவேலை எடுத்த இடத்தை விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் முழுவதும் ஆவாரையையே பெருக்குவோம். அதற்கு விதை வெளியே வாங்க வேண்டாம். காய் தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும், பழுப்பு நிறமாகி உள்ளே விதை கலகலவென்று ஆடும்போது பறித்துக்கொள்ள வேண்டும், நான் ஏற்கெனவே பறித்து ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அப்படியே மண்ணில் போட்டால் முளைப்பது அபூர்வம், ஏனென்றால் விதையின் தோல் கல் மாதிரி, தண்ணீர் உள்ளே போகாது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொஞ்சம் ஆவி அடங்கின பிறகு விதையின் மேல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடு. காலையில் பார்த்தால் சிலது உப்பி இருக்கும், சிலது அப்படியே கிடக்கும். உப்பினதை அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். உப்பாததை உப்புத்தாளில் லேசாக ஒரு தேய் தேய்த்து மறுபடியும் ஊறப்போட்டால் அதுவும் வழிக்கு வரும்.

பையில் நாற்று வளர்த்து நடலாம், ஆனால் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுகொண்டால் அப்புறம் எத்தனை வருஷம் ஆனாலும் செடிக்குத் திடம் வராது. அதனால் நட வேண்டிய இடத்திலேயே விதை ஊன்றுவதுதான் எனக்குப் பிடித்தது. புரட்டாசி கடைசியில் முதல் மழை விழுந்து மண் நனைந்ததும், குழிக்கு மூன்று நான்கு விதை, விரல் கணு ஆழம், ஐந்தடி ஆறடி இடைவெளி. முளைத்த பிறகு நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அதை வேர்விடச் செய்துவிடும். முதல் கோடையில் மட்டும் எப்போதாவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும், அது நான் பார்த்துக்கொள்வேன். அடுத்த வருஷத்திலிருந்து நாம் தண்ணீரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகக் கூடாது. உரமும் வேண்டாம், மாட்டுச்சாணம் கூட அதிகம் வைக்காதே, வைத்தால் இலைதான் பெருக்கும், பூ குறையும்.

பூ புதுக் கிளையின் நுனியில்தான் வரும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, காய் முற்றி விதை எடுத்த பிறகு, மழைக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டினால் பட்டுப்போய்விடும் என்று பயப்படாதே, கட்டையிலிருந்து கிளை கிளையாக வெடித்து வரும். பட்டையை மட்டும் சுற்றி உரிக்கக் கூடாது, யார் கேட்டாலும் கொடுக்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு தளிர் வரும்போது பச்சைப் புழு வந்து இலையைத் தின்னும். அப்பா உடனே மருந்தடிக்க வேண்டும் என்பார்கள், நீ போனில் தடுத்துவிடு. வெள்ளையில் வெளிர்பச்சை கலந்தாற்போல் கூட்டமாகப் பறக்குமே வண்ணத்துப்பூச்சி, அதன் பிள்ளைகள்தான் அந்தப் புழுக்கள், ஆவாரை மாதிரிச் செடிகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு. இலை போனாலும் செடி மறுபடி துளிர்த்துவிடும். அதே மாதிரி கருவண்டுகளும். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப்பையின் நுனியில் இருக்கிற துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு வந்து பூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்தபடி உடம்பை அதிர வைக்கும், அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். மருந்து அடித்து வண்டைக் கொன்றால் காய் பிடிக்காது, காய் இல்லையென்றால் விதை இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது காலையில் விளைக்கு அழைத்துப் போய் இதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இப்போது உன் உடம்பு விஷயம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்கிற சொலவடையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதே. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சர்க்கரை குறைந்திருக்கிறது, உண்மைதான், சித்த மருத்துவத்திலும் ஆவாரைக் குடிநீர் என்று கொன்றை, நாவல், மருதம்பட்டை எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்காக மாத்திரைக்குப் பதில் இது என்று ஆகிவிடாது. மாத்திரையும் போட்டு, இதையும் குடித்து, சாப்பிடாமலும் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். உன் டாக்டரிடம் இதைக் குடிக்கிறேன் என்று வாய் திறந்து சொல்லு. ஊருக்கு வரும்போது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் ஒரு தடவை காட்டுவோம்.

அந்த டப்பாப் பொடி வேண்டாம், அதில் எதைத் திரித்துப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. நிலாவாரை என்று ஒன்று இருக்கிறது, நம்ம பக்கம் விளைந்து தூத்துக்குடி வழியாக வெளிநாடு போகிறது, உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றே அதற்குப் பெயர். அதன் பூவும் மஞ்சள்தான், ஆனால் அது பேதி மருந்து, அதைத் தினமும் குடித்தால் குடல் கெட்டுவிடும். நான் காலையில் பனி காய்ந்ததும் பூப் பறித்து, நிழலில் உலர்த்தி அனுப்புகிறேன். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பூப் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடி. கருப்பட்டி போடாதே, சர்க்கரை இருக்கிறவனுக்கு அதுவும் சர்க்கரைதான். பச்சைப் பூ கிடைக்கும்போது பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், மருமகளுக்குப் பக்குவம் தனியாக அனுப்புகிறேன்.

ஜேசிபிக்காரர் அடுத்த வாரம் வருகிறார். ஆவாரை நிற்கிற இடத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், அதற்குள் வண்டி போகக் கூடாது என்று சொல்லியாயிற்று. ஆனால் நீ சொன்னால்தான் அப்பா கேட்பார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களைக் கூப்பிட்டு, கருவேலை மட்டும் எடுக்கட்டும், போர் வேண்டாம் என்று சொல்லிவிடு. விதை ஊன்றப் புரட்டாசி கடைசியில் லீவு கிடைக்குமா என்று பார். மாத்திரையை ஒழுங்காகப் போடு, அடுத்த ரிப்போர்ட் வந்ததும் எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா