34 விழுக்காடு குற்றமா?

சட்டப்புல ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினருக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தின் மலாய்ப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். தமிழிலும் எழுதுவது, பிள்ளைகளைச் சட்டம் படிக்கக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டு விடுதிக் கட்டணத்துக்கு அலைகிற பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான்.

போன மாதம் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி அப்பாவோடு என்னைப் பார்க்க வந்தாள். ஒப்பந்தச் சட்ட இடுபணியில் மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் (Turnitin) மென்பொருள் 34 விழுக்காடு ஒற்றுமை காட்டியதாம். கருத்துத் திருட்டு என்று முடிவு. விசாரணை பத்து நிமிடம். அறிக்கையின் நகல் அவள் கைக்கு வரவே இல்லை.

இடுபணியை வாங்கிப் படித்தேன். மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லுமா என்பது கேள்வி. யார் ஒப்பந்தம் செய்யலாம் என்று சொல்லும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்தெழுதாமல், மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மோஹரி பீபி வழக்கைத் தொடாமல் இதற்கு யார் பதில் எழுத முடியும்? வகுப்பே அதே வரிகளைத்தான் எடுக்கும். சட்டப்பிரிவைச் சொந்த நடையில் எழுதினால் நீங்களே புள்ளி குறைப்பீர்கள்! இரண்டு இடங்களில் அடிக்குறிப்பை விட்டிருந்தாள். அது தவறுதான். அதற்கும் புள்ளியைக் குறைத்திருக்கலாம்.

ஏமாற்றுகிறவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. சீனியர் எழுதியதில் பெயரை மாற்றிக் கொடுப்பவர், காசு கொடுத்து எழுதி வாங்குபவர் எல்லாம் உண்டு. அவர்களை விடாதீர்கள். கட்சிக்காரர் பணத்தை நம்பி ஒப்படைக்கிற தொழில் இது.

ஆனால் உங்கள் கோப்பில் ஏறும் ஒரு வரி பட்டமளிப்போடு முடிந்துபோவதில்லை. வழக்கறிஞராகச் சேர்பவர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 11ஆம் பிரிவு. மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதத் தொழிற்பயிற்சியான சேம்பரிங்கை முடித்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போடும் நேரத்தில் அந்த வரி எழுந்து வந்து நிற்கலாம். அடிக்குறிப்பு மறந்தவளும் விலைக்கு வாங்கியவனும் ஒரே சொல்லில் பதிவானால், அன்றைக்கு யார் வந்து வித்தியாசம் சொல்வது?

குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள். எந்த வரி எதோடு பொருந்துகிறது என்று காட்டும் பக்கங்களை விசாரணைக்கு முன்பே கொடுங்கள். முடிவில் கவனக்குறைவா, ஏமாற்றா என்று பிரித்துக் காரணத்தோடு எழுதுங்கள்.

அவளுடைய மேல்முறையீடு இப்போது உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அப்பா லோரி ஓட்டுநர். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்கிறார்: "கடிதம் வந்துச்சா, லாயரம்மா?"

இப்படிக்கு,
பிரிக்ஃபீல்ட்ஸ் வழக்கறிஞர் ஒருவர்