கோல் கோட்டிலிருந்து முதல் நாற்காலி எத்தனை மீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலாங்கூர் மறுபடியும் எப்போது மலேசியக் கிண்ணத்தைத் தூக்கும், கோலாலம்பூர் அடுத்த பருவத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்று காற்பந்து ரசிகர்கள் ஓயாமல் பேசுகிறோம். சிலாங்கூர் 33 முறை வென்ற கிண்ணம் அது. கடைசியாக வென்றது 2015இல். கோலாலம்பூர் 2021இல் ஜொகூரை 2-0 என வீழ்த்தி, 32 ஆண்டுகளுக்குப் பிறகு அதை வாங்கியது. பயிற்றுநர், வெளிநாட்டு ஆட்டக்காரர், சம்பள பாக்கி எல்லாம் பேச்சில் அடிபடும். அரங்கம் பற்றி மட்டும் “எத்தனை பேர் உட்காரலாம்?” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். 2024இல் இடிக்கத் தொடங்கிய பழைய ஷா ஆலம் அரங்கத்தின் இடத்தில் புதியது வரப்போகிறது. இந்த வேளையில் ரசிகர்கள் உரக்கச் சொல்லவேண்டியது ஒன்று: காற்பந்துத் திடலைச் சுற்றி ஓடுதடம் வேண்டாம்.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 400 மீட்டர் ஓடுதடத்தின் உட்புறம் ஏறக்குறைய 157 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். பக்கவாட்டில் பெரிய பாதிப்பு இல்லை. கோட்டிலிருந்து தடத்தின் விளிம்பு இரண்டரை மீட்டர், எட்டு ஓடுபாதைகள் சேர்ந்து 9.76 மீட்டர், ஆக 12 மீட்டர் சொச்சம். அடி விழுவது கோல் கம்பத்துக்குப் பின்னால். அங்கே தடத்தின் விளிம்புக்கே 26 மீட்டர், ஓடுபாதைகளையும் சேர்த்தால் 36 மீட்டர். நம் ஊரில் முரசு, கொடி, பாட்டு எல்லாம் அங்கேதான். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது முரசின் ஓசை 6 டெசிபல் குறையும். தடம் இல்லாவிட்டால் எட்டரை மீட்டரில் கேட்டிருக்கவேண்டிய முழக்கம் 36 மீட்டர் தள்ளிப்போனால் 12 டெசிபல் இறங்கிவிடுகிறது.

பார்வையும் அப்படித்தான். பந்தைத் தெளிவாகப் பார்க்க, எதிர்முனை 150 மீட்டருக்குள் இருப்பது நல்லது. 190 மீட்டர்தான் எல்லை என்பது அரங்கம் கட்டுகிறவர்களின் பொது விதி. ஓடுதடம் இருந்தால் கோலுக்குப் பின்னால் முதல் வரிசையே எதிர்முனைக் கோட்டிலிருந்து 141 மீட்டரில் தொடங்கும். வரிசைக்கு 80 சென்டிமீட்டர் வைத்தால் அந்த 150க்குள் பதினோரு வரிசைதான் அடங்கும். தடம் இல்லாமல் முதல் வரிசையை கோல் கோட்டிலிருந்து எட்டரை மீட்டரில் தொடங்கினால் 45 வரிசை அடங்கும். அதே சிமெண்ட், அதே நாற்காலி, அதே செலவுதான்.

மூலைக் கொடியைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னும் விளங்கும். கொடிக்கும் தடத்தின் அலுமினிய விளிம்புக்கும் நடுவில் ஒரு மீட்டர்கூட முழுசாக இல்லை. மூலை உதை எடுக்கிறவர் நான்கடி பின்னால் போனால் ரப்பர் தடத்தில் நிற்கிறார். விளிம்பு 5 சென்டிமீட்டர் உயரம், ஆகவே அதைக் கழற்றிவிட்டுச் செயற்கைப் புல் விரிக்கிறார்கள். விரிப்பும் நிஜப் புல்லும் சேருமிடத்தில் காலணியின் முள் ஒருபுறம் பிடிக்கும், மறுபுறம் வழுக்கும்.

புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் ஓடுதடம் இருந்தும் 2010 டிசம்பர் 26இல் மலேசியா இந்தோனேசியாவை 3-0 என வென்றபோது அரங்கமே அதிர்ந்ததே, என்று கேட்கலாம். உண்மைதான். பயிற்றுநர் கே. ராஜகோபால் அணியின் அந்த இரவு நமக்குப் பெருமை. ஆனால் அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. லீக் ஆட்டத்துக்கு வரும் சில ஆயிரம் பேரின் குரல் அந்தத் தூரத்தைத் தாண்டாது. செராஸில் உள்ள கோலாலம்பூர் காற்பந்து அரங்கத்தில் 18,000 இருக்கைதான். ஓடுதடம் இல்லாததால் பாதி நிரம்பினாலே சூடு பிடித்துவிடும். பண்டார் துன் ரசாக் எல்.ஆர்.டி. நிலையமும் அருகிலேயே. 25,000 பேருக்கு இடமுள்ள கிளானா ஜெயா அரங்கத்தில் தடம் உண்டு. நம்மவர்களின் பி.ஜே. சிட்டி அணி 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகும்வரை ஆடியது அங்கேதான். ஜொகூர் லார்க்கினை விட்டு 2020இல் தடமில்லாத சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்குப் போனது. அவர்கள் 2014 முதலே பட்டம் வாங்குகிறார்கள், ஆகவே திடல்தான் வென்று தந்தது என்று சொல்லமாட்டோம். வருகிற அணிக்கு அங்கே மூச்சு முட்டுகிறது என்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம்.

அயர்லாந்தில் கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்றவை) இடையே நடக்கும் ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் ஆட்டம்), கேலிக் காற்பந்து (கையாலும் காலாலும் ஆடும் அந்நாட்டுக் காற்பந்து) அரங்கங்களையும் பாருங்கள். அந்தத் திடல் நம்முடையதைவிடப் பெரிது: 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். டப்ளினின் குரோக் பார்க் 82,300 பேர் கொள்ளும், தர்லஸ் ஊரின் செம்பிள் அரங்கம் சுமார் 45,000. இரண்டிலும் திடலைச் சுற்றி ஓடுதடம் கிடையாது. சம்பளம் வாங்காமல் சொந்தக் கவுண்டிக்காக ஆடுகிறவர்களுக்கு, கூட்டம் பக்கத்தில் நிற்பதே பாதி பலம். நம் ஓட்டக்காரர்களுக்கும் தடம் கட்டாயம் வேண்டும். அவர்களுக்குத் தனி அரங்கம், 5,000 இருக்கையோடு, போதும்.

இருக்கை கிட்டே வந்தால் ஒரு சிக்கலும் கூடவே வரும்: கூரையின் நிழல் புல்லில் விழும். சோய்சியா அடர்த்தியான நல்ல புல்தான், ஆனால் வெயில் வேண்டும், கிழிந்தால் மெதுவாகத்தான் மூடும். அகன்ற இலை கொண்ட கவ் கிராஸ் புல் நிழலைத் தாங்கும், ஆனால் வேர் மேலாக ஓடுவதால் ஆட்டத்தில் கட்டி கட்டியாகப் பெயரும். ஆகவே சோய்சியா போட்டு, கூரையின் முன்பகுதியை ஒளி ஊடுருவும் தகடாக வைப்பது நல்லது. குரோக் பார்க்கில் விளக்கு வண்டிகளை உருட்டி வந்தே புல்லை வளர்க்கிறார்கள்.

மாலை மழைக்கு அடித்தளம் முக்கியம்: கீழே வடிகால் குழாய், மேலே 10 சென்டிமீட்டர் சரளை, அதன்மேல் 30 சென்டிமீட்டர் மணல். இவ்வளவும் செய்துவிட்டு, களிமண்ணில் வளர்ந்த புல் பாளத்தை வேரைக் கழுவாமல் மேலே விரித்தால் எல்லாம் பாழ். இரண்டு சென்டிமீட்டர் களிமண் படலம் மூடிபோல அடைத்துக்கொள்ளும். கீழே மணல் காய்ந்திருக்க, மேலே தண்ணீர் தேங்கும். சந்தேகமிருந்தால் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தால், கரும்பட்டை தனியாகத் தெரியும். பிறகு உள்ளீடற்ற ஊசிகளால் துளையிட்டு அந்த மண்ணை எடுத்து மணல் நிரப்பவேண்டும். ஒரு தடவையில் தீராது.

புதிய அரங்கத்தின் படங்கள் வெளிவரும்போது வண்ண விளக்குப் படத்தோடு நிற்காமல் குறுக்குவெட்டு வரைபடத்தையும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். கோல் கோட்டிலிருந்து முதல் நாற்காலிவரை எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
காற்பந்து ரசிகர்கள் சிலர்,
செந்தூல், கோலாலம்பூர்