எங்கட வேன் அங்கிளுக்கும் மத்த எல்லாருக்கும்

மகனுக்கு லுகீமியா, ரத்தப் புற்றுநோய். நேத்து பின்னேரம் அவன்ட போன் மரோ (எலும்பு மஜ்ஜை) ரிப்போர்ட் வந்திட்டுது, ரெமிஷன், அதாவது இப்ப நோய் தெரியேல்ல எண்டு டொக்டர் சொன்னார், இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல மருந்து இருக்காம், பரவாயில்ல. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், திருப்பி எழுத தெம்பில்ல.

மஹரகம அபேக்ஷா கேன்சர் ஆஸ்பத்திரி நர்ஸ்மார், நாரஹேன்பிட்டைக்கு போய் ரத்தம் குடுத்த ஒஃபிஸ் பிள்ளையள், கிருலப்பனைக்கு வந்து 138 பஸ் பிடிச்சு சோத்துப் பார்சல் கொண்டு வந்த மச்சாள், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வெச்ச பக்கத்து வீட்டு ஆன்டி, எல்லாருக்கும் ஒரே வரில நன்றி சொல்றன், கோவிக்காதைங்கோ. இது வேன் அங்கிளுக்கு எழுதுறது.

மகன் விடிய 6.15க்கு வேனுக்குள்ள பாய்ஞ்சு ஏறி ஜன்னல் சீட்டுக்கு சண்டை பிடிக்கிறவன். ரெண்டு கிழமையா படியடியில நிண்டு தூக்கி விடச் சொல்லி கையை நீட்டினவனாம். நான் கேட்டடியில டாட்டா காட்டிட்டு ஓடுற ஆள், காணேல்ல. வீட்டில கால் நோகுது எண்டவன், ஸ்கூலுக்கு கள்ளம் எண்டு பேசினன், ஒரு நாள் அடியும் போட்டன். விட்டு விட்டு வந்த காய்ச்சலுக்கு காட்டின இடத்தில வைரஸ் எண்டு சிரப் தந்து விட்டிட்டினம். முழங்காலுக்கு கீழ கண்டல், விளையாடி வந்தது எண்டு நினைச்சன்.

அண்டைக்கு எல்லா பிள்ளையளையும் இறக்கிப் போட்டு அங்கிள் மூண்டு மாடி ஏறி வந்தார், லிஃப்டும் வேலை செய்யேல்ல. மூச்சு வாங்கி வாங்கி தமிழும் சிங்களமுமா சொன்னார், "தங்கச்சி கோவிக்க வேணாம், நான்தானே பேபிய ஒவ்வொரு நாளும் தூக்கிறது, பாரம் கொறஞ்சி போச்சி, உதடும் வெள்ளை, பிளட் ஒண்டு பாருங்க."

எனக்கு வந்தது கோவம்தான், என்ட பிள்ளைக்கு நான் சாப்பாடு குடுக்கேல்லையா எண்டு. ஆனாலும் அண்டைக்கே எஃப்பிசி, ரத்த அணுக்கள எண்ணிப் பாக்கிற டெஸ்ட், எடுத்தம். பிளேட்லெட் குறைவு எண்டதும் டெங்கு எண்டு நினைச்சன், கொழும்பில இருந்து பழகின புத்தி. வெள்ளை அணுவும் சரியில்லாததால லேப் பொடியன் ரிப்போர்ட்ட என்ட கையில தராம டொக்டருக்கு கோல் எடுத்தவர்.

கால் நோகிறது எல்லாம் கேன்சர் இல்ல, அனேகமா இல்லவே இல்ல. ஆனா போகாத காய்ச்சல், வெளிறல், அடிபடாத இடத்தில கண்டல், ஓடித் திரிஞ்ச பிள்ளை தூக்கச் சொல்றது, இதுகள் சேந்து வந்தா ஒரு எஃப்பிசி கேளுங்கோ. பிள்ளையளுக்கு வாற கேன்சர்ல கூடுதலா வாறது லுகீமியாதானாம், நேரத்தோட பிடிச்சா அனேகம் பேருக்கு சுகமாகுதாம். இனி அவன் நோகுது எண்டா நான் நம்புவன், அவ்வளவுதான்.

வேன் காசு குடுக்கப் போக அங்கிள் வாங்கேல்ல. அவருக்கு தமிழ் வாசிக்க வராது, அந்த வேன்ல பிள்ளையள் போற ஆராவது இத வாசிச்சு காட்டுங்கோ. ஜன்னல் சீட்ட ஒருத்தருக்கும் குடுக்க வேணாமாம் எண்டு மகன் சொல்லச் சொன்னவன், அதையும் சொல்லுங்கோ.