சாலிப்புழாவுக்கு முன்னாடி

சேலம்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்துச்சு. வீட்ல எல்லாரும் நல்லாயிருக்கோம், அம்மா உன்னை விசாரிச்சாங்க. ஜூலைல சாலிப்புழா ஆத்துல கயாக் (துடுப்புப் போடுற சின்னப் படகு) ஓட்டப் போறதுக்கு நம்ம சீனியும் சரின்னுட்டான், அதிசயம்! மங்களூர் மெயில்ல நீ சென்னைல ஏறு, ராத்திரி நாங்க சேலத்துல ஏறிக்கிறோம். காலைல கோழிக்கோடு, அங்கிருந்து அந்த ஆறு ஓடுற கோடஞ்சேரி. ஏற்காட்டுப் பக்கமே முடிச்சுக்கலாம்னு நீ கேட்டது நடக்காது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயன் மலைல பொறந்தாலும் மழை விட்டா வத்திடும். சாலிப்புழா அப்படியில்ல, மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்ங்கிற கயாக் போட்டிக்கு வெளிநாட்டுக்காரங்க கயாக் தூக்கிட்டு வர்ற ஆறுடா அது!

ஆனா கடைசி வரில உன் தங்கச்சி பையனையும் கூட்டிட்டு வர்றேன்னு போட்டிருக்க பாரு, அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்குது. கிணத்துல நல்லா நீந்துவான், சரி. கவுந்த கயாக்குக்குள்ள தலைகீழா மாட்டினா அந்த நீச்சல் உதவாது. இடுப்பைச் சுத்தி ஸ்ப்ரே ஸ்கர்ட்ங்கிற தண்ணி புகாத துணி படகு வாயை இறுக்கி மூடியிருக்கும். அதைக் கழட்ட முன்னாடி ஒரு பட்டை உண்டு. உக்காந்ததும் அது வெளிய நிக்குதான்னு ஒவ்வொரு தடவையும் கையால தொட்டுப் பாக்கணும். உள்ள மடிஞ்சிருந்தா தண்ணிக்குள்ள இழுக்கப் பிடியே கிடைக்காது. கவுந்ததும் நெஞ்சை முன்னாடி சாய்ச்சு, பட்டையை முன்பக்கமா இழுத்து விளிம்பை விடுவிச்சு, ரெண்டு கையையும் இடுப்போரம் ஊனி வெளிய வரணும். பயத்துல ஆளுங்க பின்னாடி சாய்வாங்க, மூஞ்சி பாறைல அடிபடுறது அப்பதான். நெஞ்சளவு நீச்சல் குளத்துல, பக்கத்துல ஆள் நிக்க, பதறாம வெளிய வர்ற வரைக்கும் பழகட்டும். இல்லாட்டி கரைல நின்னு போட்டோ எடுக்கட்டும், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

ஆத்துல மிதந்து போனா மல்லாந்து, காலை முன்னால நீட்டி, கால்விரல் தண்ணிக்கு மேல தெரியணும். முழங்காலுக்கு மேல ஓடுற தண்ணில எந்திரிச்சு நிக்கவே கூடாது. பாதம் கல்லிடுக்குல சிக்கினா தண்ணி முதுகுல தள்ளி ஆளை அமுக்கிடும். குறுக்க மரம் விழுந்து கிடந்து, விலகவும் முடியலன்னா மட்டும் நேர்மாறு. குப்புறத் திரும்பி, தலை முன்னால, வேகமா நீந்தி மரத்து மேல ஏறிடணும். கால் முதல்ல போனா கிளைக்கு அடியில இழுத்துட்டுப் போயிடும்.

மிதந்து போறவனுக்குக் கரைல இருந்து வீசுற கயிறு வாங்கியாச்சு, மிதக்குற பாலிப்ரொப்பிலீன், 20 மீட்டர். பைக்குள்ள சுருட்டி வைக்காம கொஞ்சம் கொஞ்சமாத் திணிக்கணும், அப்பதான் வீசுறப்ப சிக்காம வரும். தண்ணில இருந்து அதைப் பிடிக்கிறவன் கைல சுத்திக்கக் கூடாது, தோள் மேல போட்டு நெஞ்சோட பிடிச்சா போதும்.

மழையைப் பத்தி சீனிகிட்டயும் கறாரா சொல்லிட்டேன். கீழ வெயில் அடிக்கிறப்பவே மலை மேல கொட்டியிருக்கும். இறங்குற இடத்துல தண்ணி ஓரமா ஒரு கல்லு வைப்போம். அது முழுகிட்டாலோ, தண்ணி செம்மண் நிறமாகி சருகும் குச்சியும் வந்தாலோ, அன்னிக்கு ஆறு கிடையாது.

பையனோட தலைச் சுத்தளவு எழுது, ஹெல்மெட் இங்கயே பாத்துடுறேன். அவன் குளத்துல பழகிட்டான்னு நீ சொன்னதும் நாலு டிக்கெட்டாப் போடுறேன்.

உன்,
ராஜா