பழைய ஹாலிவுட் வினாக்கள்: விடையோடு வரலாறும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் பழைய ஹாலிவுட் படங்கள் பற்றிய வினாடி வினாவுக்கு, எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து விடை தேடுவதைப் பார்க்க மிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் விடைப் பகுதியில் பெயரும் ஆண்டும் மட்டுமே தரப்படுவதால், அவற்றின் பின்னுள்ள வரலாறு வாசகரைச் சேராமலே போகிறது.

எடுத்துக்காட்டாக, ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் யார் என்ற வினாவுக்கு நடிகை ஹாட்டி மெக்டேனியல் என்பது விடை. 1939இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்துக்காக அவர் அவ்விருதைப் பெற்ற 1940 விழாவில், உடன் நடித்தவர்களோடு அமர அனுமதிக்கப்படாமல் தனி மேசையில் அமர்த்தப்பட்டார் என்பதையும், அதற்கு முன் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு நிறவெறியின் காரணமாக அவரால் செல்லவே இயலவில்லை என்பதையும் நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

அதே படத்தின் கதாநாயகி விவியன் லீ 1913இல் டார்ஜிலிங்கில் பிறந்தவர். பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான் என்ற ஹாலிவுட் நடிகையோ, டாஸ்மேனியாவில் பிறந்தவராகவே உலகுக்குக் காட்டப்பட்டார். தம் பிறப்பை மறைத்தே அவர் நடிக்க வேண்டியிருந்தது எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

எனவே ஒவ்வொரு விடைக்கும் இரண்டு வரி விளக்கம் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1940களில் காரைக்குடியில் படப்பிடிப்புத் தளம் நடத்தி 'நாம் இருவர்' படத்தை உருவாக்கியது போன்ற நம் வட்டாரச் செய்திகளையும் இடையிடையே வினாவாக்கினால், செட்டிநாட்டு வாசகர்கள் பெரிதும் வரவேற்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி