சித்தேரா விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள செல்வி,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லோரும் நலம், சின்னவள் சைக்கிள் பழகிவிட்டாள். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை சார்லட்டன்பர்க் அரண்மனையில் அந்த இன்னொரு சித்தேராவைப் பார்த்தேன், காதல் தெய்வம் வீனஸின் தீவை வைத்து வாட்டோ என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம். பெர்லினுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது, பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நாம் பார்த்ததன் நகல்தானே என்று போகாமலே இருந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய தப்பு!

தீவுக்குப் புறப்படுகிறார்கள் என்று நானும், தீவிலிருந்து கிளம்புகிறார்கள் என்று நீயும் சண்டை போட்டுக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோமே, அதே மூன்று ஜோடிகள் இங்கேயும் அதே மேட்டில் இருக்கிறார்கள். ஒருத்தி உட்கார்ந்தே இருக்கிறாள், அடுத்தவளை அவன் கை கொடுத்து எழுப்புகிறான், மூன்றாமவள் நடக்கத் தொடங்கியவள் திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் வேறு யாரோ பார்த்து வரைந்த நகல் இல்லை இது. பிரெஞ்சு ஓவிய அகாடமி சேர்த்துக்கொண்டும், அதற்குக் கொடுக்க வேண்டிய படத்தை ஐந்து வருடம் இழுத்தடித்து வாட்டோ 1717-இல் கொடுத்த படம் பாரிஸில் இருப்பது. அதன் பிறகு ஓரிரு வருடத்தில் அவரே மறுபடி வரைந்தது இது. அங்கே மங்கலாகக் கரைந்து கிடக்கும் படகு இங்கே ரோஜா நிறப் பாயும் பாய்மரமுமாக நிமிர்ந்து நிற்கிறது, சுற்றிலும் குட்டி மன்மதர்கள் ஈ மொய்ப்பதுபோல மொய்க்கிறார்கள். அங்கே கையில்லாமல் பூச்சுற்றிய தூணாக நின்ற வீனஸ் இங்கே முழுச் சிலையாகவே நிற்கிறாள்.

அந்தச் சிலையைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. தெய்வம் இங்கேதானே இருக்கிறது, பூ சாத்தியாயிற்று, படகும் தயார். இவர்கள் தீவுக்குப் புறப்படுகிறவர்கள் இல்லை, கும்பிட்டு முடித்துக் கிளம்புகிறவர்கள். மைக்கேல் லெவி என்ற ஆய்வாளர் 1961-லேயே இதை எழுதியிருக்கிறார். நீ எதையும் படிக்காமல், அந்தப் பெண்ணின் கழுத்துத் திருப்பத்தை மட்டும் வைத்தே சொன்னாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பாரிஸ் படத்தின் மேல் ஒரு காலத்தில் ஓவியர் டாவிடின் மாணவர்கள் ரொட்டி உருண்டைகளை எறிந்தார்களாம், அதை எடுத்து உள்ளே வைக்கவேண்டி வந்ததாம். கோட்டோவியத்தை அழிக்க வைத்திருந்த ரொட்டியாக இருக்கும். படிக்கும்போதே வயிறு எரிந்தது. இந்தப் படத்துக்கு அந்தக் கதி இல்லை. பிரஷ்யாவின் ஃப்ரெடெரிக் மன்னர் வாங்கினார், 1980களில் விற்பனைக்கு வந்தபோது ஊர் மக்களும் காசு போட்டுத்தான் பெர்லினிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

வாட்டோ 1721-இல் செத்துப்போனார், 36 வயது. நெஞ்சு நோயோடு வரைந்தவர். உடம்பு தேய்ந்துகொண்டு வரும்போது அதே கிளம்பலை எதற்கு இரண்டாம் முறை உட்கார்ந்து வரைய வேண்டும்? படகை மாற்றினார், சிலையை மாற்றினார், அவள் திரும்பிப் பார்ப்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன், கால் வலித்தபோதுதான் மணி பார்த்தேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும் செல்வி. கடைசியாக விமான நிலையத்தில் நீ உள்ளே போகும்போது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எட்டு மாதம் எழுதாமல் இருந்தது அதனால்தான். கோபமா, அழுகையா, ஏன் திரும்பவில்லை? எழுது.

விசா வந்ததா? வந்தால் ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வைத்துக்கொள்.

உன்
வசந்தி